ஊர் லைசென்ஸும் பினாங்கு சாலையும்

அன்புள்ள தேனு,

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. வாக்கர் வேண்டாம், சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பேன் என்று அடம்பிடிக்கிறாராமே. உன் அம்மாதான், சந்தேகமே இல்லை. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. என் மாமியார் அப்படி நிறுத்திவிட்டு இன்றைக்கும் மாடிப்படியைப் பார்த்தால் முறைக்கிறார்.

உனக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் கிடைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் இங்கே பினாங்குத் தீவில், நீ கோலாலம்பூரில் என்றாலும், கல்லூரிக்கு அப்புறம் இருவரும் ஒரே நாட்டில் இருக்கப் போவது இப்போதுதான். முரளி அண்ணா அவருடைய வேலையை என்ன செய்யப் போகிறார் என்று நீ எழுதவே இல்லை. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது லைசென்ஸ் கதைக்கு வருகிறேன். நம்ம ஊர் லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ள யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். யாரையும் பார்க்க வேண்டாம், மாற்ற முடியாது. முன்பு முடிந்தது. தூதரகத்தில் சான்று வாங்கி, ஜேபிஜேவில், அதாவது இங்கத்திய ஆர்டிஓவில் கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்தால் மலேசிய லைசென்ஸ் வந்துவிடும். 2025 மே 19 முதல் வெளிநாட்டவருக்கு அதை நிறுத்திவிட்டார்கள். தூதரக அதிகாரிகள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஐந்தாறு வருடம் முன்னால் வந்து குடியேறியவர்களைக் கேட்டால் 'ரொம்ப சுலபம்மா' என்பார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி.

ஆகவே நீ கிளம்புவதற்கு முன் திருச்சியிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடு. படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், பாஸ்போர்ட், விசா நகல்கள். ஒரு வருடம் செல்லும். ஆனால் உன் இந்திய லைசென்ஸ் அதற்குள் காலாவதியானால் இதுவும் கூடவே போய்விடும், அதனால் முதலில் அந்தத் தேதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள். ஓட்டும்போது இரண்டும் கையில் இருக்க வேண்டும். செல்லாத லைசென்ஸோடு எங்கேயாவது இடித்துவிட்டால் போலீஸ் சமன், அதாவது அபராதச் சீட்டு கூடப் பெரிதில்லை, காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். அந்தச் செலவை நினைத்தாலே இவருக்குத் தூக்கம் வராது.

அந்த ஒரு வருடம் முடியும்வரை காத்திருக்காதே. வந்து வீடு பிடித்ததும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிடு. ஆமாம், முதலிலிருந்து. பதினைந்து வருடம் சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் கார் ஓட்டிய நான், எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'இது ஸ்டியரிங், இது பிரேக்' என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, 'ஆன்ட்டி, உங்க மகளுக்காக வந்திருக்கீங்களா?' என்றாள். எனக்கு மகளே கிடையாது!

முதல் கட்டம் கேபிபி என்கிற வகுப்பும் கணினித் தேர்வும். 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் பாஸ். தமிழிலேயே எழுதலாம், நான் அப்படித்தான் எழுதினேன். நிறக்குருடு சோதனையும் இதிலேயே வந்துவிடும். அப்புறம் நம்ம ஊர் எல்எல்ஆர் போல எல் லைசென்ஸ், பயிற்சி மணிநேரங்கள், கடைசியில் ஜேபிஜே அதிகாரி முன்னால் தேர்வு. நம்ம ஊரில் எட்டு போட்டுக் காட்டினால் முடிந்தது. இங்கே மேட்டில் ஏறிக் கோட்டருகே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை எடுத்துப் பின்னால் சரியாமல் கிளம்ப வேண்டும். சைடு பார்க்கிங், குறுகிய இடத்தில் மூன்று அசைவில் திருப்புவது, பிறகு சாலை. எனக்கு மிகவும் பிடித்தது வண்டியைக் கிளப்புவதற்கு முந்திய சடங்குதான். பானெட்டைத் திறந்து எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி, ரேடியேட்டர் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று வாயால் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வைத்திருந்த என் காரின் பானெட்டை ஊரில் மெக்கானிக் மட்டும்தான் திறந்திருக்கிறார்.

ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று பள்ளியிலேயே கேட்பார்கள். டிஏ எடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், டி எடுத்தால் இரண்டும். நீ டி எடு. மேட்டில் கிளட்சோடு கொஞ்சம் போராட வேண்டும், ஆனால் உனக்குத் தெரியாத கிளட்சா? ஸ்கூட்டி ஆசை இருந்தால் அதற்கு பி2 தனி.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பும் வேண்டாம், தேர்வும் வேண்டாம், பணம் கொடுங்கள் லைசென்ஸ் வீட்டுக்கு வரும் என்று யாராவது ஒரு ஏஜென்ட் வருவார். இங்கே அதற்கு லேசென் தெர்பாங், அதாவது பறக்கும் லைசென்ஸ் என்று பெயர். என்னிடமும் ஒருவர் வந்தார், ரொம்ப மரியாதையாகப் பேசினார். மாட்டினால் விசாவோடு சேர்த்துப் போய்விடும். பேச்சையே வளர்க்காமல் அனுப்பிவிடு.

இப்போது நீ என்னைத் திட்டப் போகிறாய், பரவாயில்லை: மாற்றிக் கொடுப்பதை நிறுத்தியது நல்லதுதான் என்பது என் கட்சி. இவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஓட்டத் தெரிந்தவனிடம் மறுபடி காசு வாங்குகிறார்கள் என்று இன்னும் புலம்புகிறார். காசு விஷயத்தில் அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் நமக்குத் தெரிந்தது நம்ம ஊர்ச் சாலை மட்டும்தானே, தேனு. இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். எல்லாம் ஒன்றுபோல இருப்பதுதான் ஆபத்து. நம்ம ஊரில் சிவப்பு விளக்கிலும் இடது பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருப்போம். இங்கே அப்படித் திரும்பினால் சமன். ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து வருபவருக்கு வழி விட்டாக வேண்டும், மூக்கை நுழைத்தவருக்கு முதலிடம் என்கிற நம் சட்டம் செல்லாது. ஹாரனை யாரும் தொடுவதில்லை. முதலில் எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பின்னால் வருபவர் சத்தம் கொடுக்காவிட்டால் இருக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் சொல்லிக்கொடுத்த மாஸ்டர். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் ஊர்த் தமிழர், நாற்பது வருடமாகக் காடி (காரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஓட்டுகிறவர். நான் கண்ணாடியைப் பார்க்காமல் லேன் மாறும்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் டேஷ்போர்டை விரலால் ஒரு தட்டு தட்டுவார். இப்போது தனியாக ஓட்டும்போதும் அந்தத் தட்டு காதில் கேட்கிறது.

மோட்டார்தான் இங்கே பெரிய பாடம். மோட்டார் என்றால் பைக். பினாங்குப் பாலத்தில் அவர்களுக்கு இடது ஓரத்தில் தனிப் பாதை உண்டு, 2019 முதல் டோலும் கிடையாது. காலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு அக்கரையிலிருந்து அவர்கள் வரும் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் தனிப் பாதை எல்லாம் இல்லை, இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து போய்விடுவார்கள். மழை வந்தால் மேம்பாலத்தின் அடியில் கூட்டமாக ஒதுங்கி நிற்பார்கள், அந்த இடத்தில் இடது லேனில் போனால் கவனம்.

பாலம் 13.5 கிலோமீட்டர், 80க்கு மேல் போகக் கூடாது. தீவுக்குள் வரும்போது மட்டும்தான் டோல், போகும்போது இலவசம். பெருநிலத்துக்கு விரட்டுவதில் பினாங்குக்காரர்களுக்கு அவ்வளவு ஆர்வம் என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். தைப்பூசத்துக்கு மட்டும் காரை எடுக்காதே, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், நடந்துதான் போக வேண்டும். அந்த நடையும் தண்ணீர்ப்பந்தல் மோரும் தனிக் கதை.

இப்போது என் காரில் முன்னும் பின்னும், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் என்று காட்டும் பி ஸ்டிக்கர். இரண்டு வருடம் இருக்கும். நாற்பது வயதில் பி ஒட்டிக்கொண்டு போவது வெட்கமாயில்லையா என்று என் தங்கை கேட்டாள். பி பார்த்ததும் பின்னால் வருபவர்கள் கொஞ்சம் தள்ளியே வருகிறார்கள், வேறென்ன வேண்டும்?

கோலாலம்பூரில் வீடு எங்கே பார்க்கிறாய்? பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிடைத்தால் கேஎல் சென்ட்ரல் நடந்து போகும் தூரம், எல்ஆர்டி, மோனோரயில் எல்லாம் அங்கேதான். அப்படியானால் வந்ததும் கார் வாங்க அவசரப்படாதே, வகுப்பு முடியும்வரை ரயிலிலேயே ஓட்டிவிடலாம். சைபர்ஜெயா பக்கம் என்றால் கார் இல்லாமல் காய்கறி வாங்கக்கூட முடியாது. அலுவலகம் எங்கே என்று எழுது, வாடகை பற்றி இவருடைய நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

வந்த முதல் நீண்ட விடுமுறைக்கே இடிஎஸ் ரயிலேறி பட்டர்வொர்த் வந்து இறங்கு. நான் காரோடு வந்து அழைத்துப்போகிறேன். முரளி அண்ணா பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவை, 2009லிருந்து இங்கே அது சட்டம். வரும்போது மணப்பாறை முறுக்கு மறக்காதே.

அன்புடன்,
உமா