தை மாதப் படகுக்குப் பங்குனியில் வரும் முன்பணம்

பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் பதிவாளர், நிதி அலுவலர் ஆகியோருக்கும், இராமநாதபுரம் கடற்கரை வளாகத்தில் வேலை செய்யும் ஆசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், ஆய்வு மாணவர்கள், ஆய்வக உதவியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் சேர்ந்து எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

படகு வாடகைக்கு மூன்று விலைப்புள்ளி (கொட்டேஷன்) இணைக்கவில்லை என்று ஒரு கோப்பு திரும்பி வந்திருக்கிறது. விதிப்படி சரிதான். ஆனால் மீனவக் கிராமத்தில் வாடகையைக் கூடிப் பேசித்தான் வைப்பார்கள். மூன்று படகுக்காரர்களிடம் கேட்டால் மூவரும் ஒரே தொகையை எழுதித் தருவார்கள். மூன்று தாளிலும் ஒரே தொகை இருந்தால், கூட்டுச் சேர்ந்து விலை வைத்திருக்கிறார்கள் என்று தணிக்கையில் கேள்வி வரும். கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதித் தாருங்கள் என்று நாமே சொன்னால் அது பொய்க் கணக்கு. இந்த மூன்று தாள் சிக்கலைச் சொல்லத்தான் இந்த மடல். கூடவே வேறு சிலவும் வருகின்றன, எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை.

இங்குள்ளவர்களுக்குப் பாம்பனுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடா வடகடல், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா தென்கடல். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை அடிக்கும்போது வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடலில் ஓரளவு வேலை செய்யலாம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது நிலைமை தலைகீழ். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அது இல்லை. வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற பழைய ஏற்பாடும் உண்டு. தொழிலுக்குப் போகும் நாளில் ஒருவரை வாடகைக்குக் கூப்பிட்டால், அன்று அவர் இழக்கும் மீனையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். போகாத நாளில் கூப்பிட்டால் குறைத்துக்கொள்வார். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

ஆக, நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்பது இன்று சாயங்காலம்தான் தெரியும். நம் விதியோ வெளிப்பணிக்கு மூன்று வேலை நாள் முன்னதாக ஓ.டி. (ஆன் டியூட்டி) அனுமதி கேட்கச் சொல்கிறது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் படகு விடியற்காலை 4 மணிக்கே கிளம்பிவிடும். பதினோரு மணிக்குக் கரை சேர்ந்தவர்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வர இரவு எட்டாகும். பதினாறு மணி நேரம் உழைத்த அந்த நாளில் வருகைப் பதிவில் அவர்கள் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று இருக்கும். (உப்பில் ஊறிய விரலை ரேகைக் கருவி அடையாளம் காணாது என்பது தனிப் பஞ்சாயத்து.) ஒரு பருவத்துக்கு இத்தனை நாள் கடல் பணி என்று மொத்தமாக ஓர் ஆணை போட்டு, தேதியை வளாகப் பொறுப்பாளர் முந்தைய நாள் மாலை பதிவேட்டில் எழுதினால் போதும் என்று வைத்தால் இது தீர்ந்துவிடும். செலவே இல்லாத மாற்றம்.

இரவு எட்டு வரை என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக ஒரு புட்டியை மட்டும் காட்டுகிறோம். கடல்நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 125 மில்லி கண்ணாடிப் புட்டியை, குமிழி ஒன்றுகூடச் சிக்காமல் நிரம்பி வழிய விட்டு எடுக்க வேண்டும். ஆடும் படகில் உட்கார்ந்தபடியே மாங்கனீசுக் கரைசல் 1 மில்லி, கார அயோடைடு 1 மில்லி. இரண்டையும் குழாயின் நுனி நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மேலே நின்று சொட்டவிட்டால் காற்றும் கூடவே போகும். மூடி, தலைகீழாக்கிக் குலுக்கினால் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். வெள்ளையாக இறங்கினால் நீரில் ஆக்சிஜன் இல்லை, அல்லது மருந்து கெட்டுவிட்டது. கரைக்கு வந்ததும் அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன். ஓர் இடத்துக்கு இரண்டு புட்டி; பன்னிரண்டு இடம் என்றால் இருபத்துநான்கு. சத்து உப்புகளை அளப்பதற்கான நீர் ஐஸ் பெட்டியில் வரும். அதை அன்றே 47 மில்லிமீட்டர் வடிதாளில் வடிகட்டி, −20 டிகிரி உறைபெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் மாற்றிவிட்டிருக்கும். அப்போது கிடைக்கும் எண் கடலுடையதல்ல, புட்டிக்குள் நடந்ததன் எண்.

இதற்கு வேண்டியவை டீசல், ஐஸ், படகு, படகில் வரும் இருவருக்குச் சாப்பாடு. ஐஸ் கம்பெனியில் கைச்சீட்டு கிடைக்கும். படகுக்காரரிடம் அதுவும் கிடைக்காது. நாங்களே ரசீது எழுதி, ரூ.5,000-க்கு மேல் போனால் 1 ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி, கையெழுத்து வாங்குகிறோம். 'ஜி.எஸ்.டி. பில் இணைக்கவும்' என்று அது திரும்பி வருகிறது. வள்ளம் வைத்திருப்பவருக்கு ஜி.எஸ்.டி. எண் எங்கிருந்து வரும்?

அதற்குப் பிறகுதான் உண்மையான முடிச்சு விழுகிறது. பழைய முன்பணம் ரசீது காட்டி நேர்செய்யப்படாமல் அடுத்த முன்பணம் கிடையாது. முதல் பயணத்தின் ரசீது தடைபட்டு நிற்கும்வரை இரண்டாவது பயணத்துக்குப் பணம் வராது. முதுகலை மாணவரின் ஆய்வேடு நான்காம் பருவத்தில், ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிந்தாக வேண்டும். கார்த்திகையில் கேட்ட பணம் பங்குனியில் ஒப்பளிக்கப்படும்போது மாணவர் ஆய்வேட்டை அட்டை போடக் கொடுத்திருப்பார். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் திட்டப்பணம் திரும்பிவிடும் என்பதால் கடைசி இரண்டு வாரத்தில் வேதிப்பொருளும் கண்ணாடிச் சாமானும் வாங்கி அடுக்குகிறோம். அவற்றில் சில அடுத்த சித்திரைக்குள் காலாவதியாகும். கேட்ட நேரத்தில் கிடைத்திருந்தால் அந்தப் பணம் பன்னிரண்டு இடத்து நீராகியிருக்கும்.

செக்‌ஷனில் இருப்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒரு உதவியாளர் மூன்று இருக்கையின் வேலையைப் பார்க்கிறார். அவரிடமிருந்து கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர், நிதி அலுவலர், பதிவாளர் என்று கோப்பு ஏறுகிறது. எங்கேயோ ஓரிடத்தில் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி இறக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு இங்கிருந்து ஒருவர் பேருந்தில் ஒரு நாள் போய்வர வேண்டும். ஏன் இறக்குகிறார்கள் என்பதும் தெரியும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஒரு தடை விழுந்தால், ஓய்வு பெறும்போது கடைசிப் பணப்பலனில் கைவைப்பார்கள் என்ற பயம். பயப்படுகிறவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பயனில்லை. அவர் பயமில்லாமல் கையெழுத்துப் போட ஓர் ஆணை வேண்டும்.

அந்த ஆணையில் இவை இருக்கட்டும். தடைக்காலம் முடியும் ஜூனில் ஆண்டுக்கு ஒரு முறை, வளாகப் பொறுப்பாளரும் நிதிப்பிரிவிலிருந்து ஒருவரும் கிராமத்தில் உட்கார்ந்து பேசி, நாட்டுப்படகுக்கு அரைநாள், முழுநாள் வாடகையை டீசல் நீங்கலாக நிர்ணயிக்க வேண்டும். அதை ஆட்சிக்குழு ஏற்றுக்கொண்டால் ஆண்டு முழுவதும் விலைப்புள்ளி தேவையில்லை. ரசீதில் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணும் உரிமையாளரின் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தால் பில்லுக்குச் சமமாக ஏற்க வேண்டும். வளாகத்தில் ஒரு நிரந்தர முன்பணம், குறைந்தது இரண்டு கடல் பயணச் செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும். இப்போது இருப்பது ஜெனரேட்டருக்கு ஒரு முறை டீசல் ஊற்றினால் தீர்ந்துவிடுகிறது. மின்சாரம் இரண்டு மூன்று மணி நேரம் நின்றாலே தொட்டியில் காற்றூட்டி நின்று மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது டீசலுக்குக் கோப்பு போட முடியாது.

கருவிகளுக்கு வருவோம். உப்புக்காற்றில் இரும்பு மட்டும்தான் துருப்பிடிக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு கணினியைத் திறந்து பார்க்கலாம். மின்பலகையின் செம்புக் கோடுகளில் பச்சை பூத்திருக்கும். நிறமாலைமானியின் உறைக்குள் வைத்த நீலச் சிலிக்கா மணிகள் மழைக்காலத்தில் சில நாளிலேயே இளஞ்சிவப்பாகிவிடும். அடுப்பில் உலர்த்தி மறுபடி வைக்கிறோம். ஏ.சி.யை அலுவலக நேரம் முடிந்ததும் நிறுத்துங்கள் என்ற சுற்றறிக்கை வகுப்பறைக்குப் பொருந்தும், கருவி அறைக்குப் பொருந்தாது. இரவில் அறை சூடாகி, காலையில் குளிரும்போது ஈரம் கண்ணாடியில் படியும், பூஞ்சணம் பிடிக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இரண்டு வருகை என்று இருந்தாலும், சென்னையிலிருந்து ஆள் வருவது பழுதான பிறகுதான். கெட்டுப்போனதைக் கண்டம் செய்யும் (பயனற்றது என்று கழித்துவிடும்) குழு வருவதேயில்லை. இருப்புப் பதிவேட்டில் இருப்பதை எறியவும் முடியாது. ஓர் ஆய்வகத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, வேலை செய்யாத கருவிகள் ஆண்டுதோறும் சரிபார்ப்பில் 'உள்ளது' என்று டிக் வாங்குகின்றன.

வனத்துறை அனுமதியைப் பற்றி ஆய்வுப் பிரிவு கவனிக்க வேண்டியது ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே மாதிரி எடுக்க வனஉயிரினத் தலைமைக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கடலட்டை, கடல்குதிரை, பவளம் ஆகியவை 2001-இல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியவை. வலையில் செத்து வந்த கடல்குதிரையை மீனவர் அன்பாகக் கொடுத்தார் என்று மாணவர் வாங்கிப் புட்டியில் போட்டாலும் குற்றம்தான். முனைவர் பட்டப் பதிவின்போதே அனுமதி விண்ணப்பத்தைப் பதிவாளர் கடிதத்தோடு அனுப்பினால் முதல் ஆண்டு வீணாகாது. இப்போது தலைப்பு உறுதியான பிறகுதான் கடிதம் தருகிறார்கள். அனுமதி எவ்வளவு காலம் இழுக்கும் என்று தெரியாமல் தலைப்பை உறுதி செய்ய எங்களால் முடிவதில்லை.

ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் ரூ.37,000. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை என்றால் பல்கலைக்கழகத்தில் ஒருவர் மேக்கராக மாதந்தோறும் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் செக்கராக ஒப்புதல் தர வேண்டும். மேக்கர் விடுப்பில் போனால் அந்த மாதம் விட்டுப்போகும். மாற்று ஆள் ஒருவரை நியமித்தால் போதும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு அதே மானியக் குழு 2019-இல் சொன்னது ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் அதிகபட்சம் ரூ.50,000. கடல் பணி நாள் 'வகுப்பு' கணக்கில் வராததால், மாணவர்களோடு படகில் போகும் கௌரவ விரிவுரையாளர் அன்று சம்பளத்தை இழக்கிறார். அவரை அனுப்பாமல் இருக்கலாம் என்றால் படகில் மாணவர்களுக்குப் பொறுப்பு யார்?

கடைசியாக, கூட்டங்களில் யாரும் பேசாத ஒன்று. நாட்டுப்படகில் கழிப்பறை கிடையாது. ஏழு மணி நேரப் பயணத்துக்குப் பெண் ஆய்வாளர்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் முடிகிறது. பயணத்தை மூன்றரை மூன்றரை மணி நேரமாக இரண்டு நாளாகப் பிரித்தால் சமாளிக்கலாம், வாடகை மட்டும் கூடும். 'ஒரே நாளில் முடிக்க வேண்டியதை ஏன் இரண்டு நாள்' என்ற குறிப்புக்கு இதுதான் பதில். கோப்பில் எழுதக் கூச்சப்பட்டோம், இங்கே எழுதிவிட்டோம். லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது எல்லாம் ஒரே அளவில் வாங்காமல் சிறிய அளவிலும் வாங்குங்கள். தோளில் நிற்காத ஜாக்கெட் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

தைப் பயணத்துக்கான முன்பணக் கோப்பு இந்த மடலோடு ஒரே தபால் பையில் வருகிறது. தென்கடல், ஒரு நாட்டுப்படகு, எட்டு மாணவர்கள், இரண்டு அரைநாள். விலைப்புள்ளி ஒன்றுதான் இணைத்திருக்கிறோம். தை பிறக்க இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
கடற்கரை வளாகத்தில் பணிபுரிவோர்