பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லாரிப் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, "என்ஜின் மிஸ் அடித்தால் ஸ்பார்க் பிளக்கை மாற்றுங்கள், பெல்ட் கத்தினால் பெல்ட்டை மாற்றுங்கள்" என்று இரண்டு கோளாறையும் ஒரே வரியில் தீர்த்துவிட்டது. ஓசூர் ரோட்டில் ஓடும் பழைய டீசல் லாரியில் ஸ்பார்க் பிளக்கை எங்கே போய்த் தேடுவது? பெல்ட் விஷயமும் அத்தனை சுலபமில்லை. மிஸ்ஸிங்கும் (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது) பெல்ட் சத்தமும் சேர்ந்து வந்தால் முதலில் மிஸ்ஸிங்கைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாதபோது கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) சீராகச் சுற்றாது, அதன் முறை வரும்போதெல்லாம் தயங்கித் துள்ளும். டைனமோவுக்குள் சுற்றும் கனமான ரோட்டர் அந்தத் துள்ளலுக்கு ஈடு கொடுக்காது. கிராங்குக்கும் டைனமோவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பெல்ட் வழுக்கிக் கத்துகிறது. ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது பெல்ட் வாங்கிப் போட்ட நாலாம் நாளே பழைய சத்தம் திரும்பினால் இதையும் சந்தேகப்படுங்கள்.

கீழே சொல்வது லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பைப்பில் டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாய்) வண்டியில் ஓடும் என்ஜினின் டீசல் பைப் நட்டைத் தொடவே கூடாது. அங்கே டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகும், தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். எந்த வகை வண்டி என்று சந்தேகம் இருந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.

லைன் பம்ப் வண்டியில் என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) பக்கத்து பைப் நட்டை (பெரும்பாலும் 17 நம்பர் ஸ்பேனர்) துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், டீசல் சூடான மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாயில்) படக் கூடாது. ஓட்டம் சட்டென்று இறங்கினால் அந்தச் சிலிண்டர் நல்லது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அதில்தான். தளர்த்திய அந்த நொடியிலேயே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் டீசலைக் கூட்டி ஓட்டத்தைச் சமாளித்துவிடும். நட்டு வழியே டீசல் துடித்துத் துடித்துப் பீறிட வேண்டும். சும்மா கசிந்தால் நாசிலை விட்டுவிட்டு பம்பின் டெலிவரி வால்வைப் பாருங்கள்.

சிலிண்டர் தெரிந்த கையோடு புது நாசில் வாங்க ஓடாதீர்கள். 3-ஆம் சிலிண்டர் என்றால் அதன் நாசிலைக் கழற்றி 1-இல் மாட்டி, 1-இல் இருந்ததை 3-க்குக் கொண்டு வாருங்கள். மிஸ்ஸிங்கும் 1-க்குப் போய்விட்டால் நாசில்தான் குற்றவாளி, அதை டெஸ்டரில் வைத்துப் பார்க்கலாம். 3-லேயே நின்றால் டேப்பட் (வால்வைத் திறக்கும் அமைப்பில் விடும் இடைவெளி), வால்வு, கம்ப்ரெஷன் என்ற வரிசை. டேப்பட் இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுக்க மூடாது, அப்படியே ஓட்டினால் கருகியும் போகும். இந்த மாற்று வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று: நாசிலோடு வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் பழைய செம்பு வாஷர். அதைக் கவனிக்காமல் மேலே புது வாஷரைப் போட்டு இறுக்கினால் நாசில் முனை ஒரு வாஷர் கனத்துக்கு மேலே நிற்கும். டீசல் போய் விழ வேண்டிய இடத்தில் விழாது, புகையும் கூடும். டார்ச் அடித்துக் குழியைப் பார்த்த பிறகே புதியதைப் போடுங்கள்.

மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறதா? டேங்க்குக்கும் அதிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது. அங்கே ஓட்டை இருந்தாலும் வெளியே டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் ஈரத்தைத் தேடுகிறவர்களுக்கு அது அகப்படுவதில்லை. அந்த லைனில் ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே இருப்பது தெரிகிற டியூபைத் தற்காலிகமாகப் போட்டு ஓட விட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். ஹோஸ் வெடிப்பு, பைப் இணைப்பிலுள்ள பேன்ஜோ வாஷர், வாட்டர் செப்பரேட்டரின் ரப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். டேங்க் பாதியாகக் குறைந்தால் மட்டும் மிஸ் அடிக்கிற வண்டியில் டேங்க்குக்குள் இறங்கும் குழாயே ஓட்டையாக இருக்கலாம். எதைச் சரிசெய்தாலும் கடைசியில் ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப் அடித்து, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும்.

டர்போ இல்லாத வண்டி கிருஷ்ணகிரியிலிருந்து லோடோடு ஏறி வரும்போது கறுப்புப் புகை கொஞ்சம் கூடுவதை மிஸ்ஸிங் என்று நினைத்து பம்பைக் கழற்றுகிறார்கள். பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், இங்கே காற்று லேசு. கண் எரியும் வெள்ளைப் புகை என்றால்தான் டீசல் எரியாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இனி பெல்ட். என்ஜின் சீராகிவிட்ட பிறகும் சத்தம் இருந்தால், ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள் (சட்டைக் கை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது). சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. நின்றுபோய்ச் சற்று நேரத்தில் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, புல்லிகளின் முகத்தோடு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எது விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வி-பெல்ட்டில் இரண்டு புல்லிக்கு நடுவே விரலால் அழுத்தினால் 100 மி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. தாழ வேண்டும். 500 மி.மீ. என்றால் 8 மி.மீ. போல. அதற்கு மேல் இறுக்கினால் சத்தம் அடங்கும், ஆனால் வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது, எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. ஜோடி பெல்ட்டில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட்டில் சோப்பும் மெழுகும் தேய்ப்பது சிக்னலைக் கடக்க உதவும், அவ்வளவுதான்.

பெல்ட்டைக் கழற்றி என்ஜினை ஒரு நிமிடம் மட்டும் ஓட விட்டுப் பாருங்கள். தண்ணீர் சுற்றாது, அதனால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் போய்விட்டால், என்ஜினை நிறுத்தி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் எந்த பேரிங் கரகரக்கிறது என்று விரலுக்கே தெரியும். ரப்பர் வளையம் வைத்த கிராங்க் புல்லி என்றால் நடுவிலிருந்து வெளி வளையம்வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஒரு ட்ரிப் போய்வாருங்கள். கோடு ஒடிந்து நின்றால் உள்ளே ரப்பர் விட்டுவிட்டது, புல்லியையே மாற்ற வேண்டும். புது பெல்ட் போட்டவர்கள் முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு டென்ஷனை மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் அந்தக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவர்,
கலாசிபாளையம், பெங்களூரு