நினைவகப் பேட்ச் அனுப்புமுன் 32 பிட்டிலும் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், நினைவக மேலாண்மைப் பகுதிக்குப் பேட்ச் (நிரல் மாற்றம்) எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் 32 பிட் ஆர்ம் செயலிக்கும் ஒருமுறை கம்பைல் செய்து (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி) பாருங்கள்.

நம்மில் பெரும்பாலோர் மேசையில் இருப்பது 64 பிட் எக்ஸ்86 செயலி. அதில் ஒரு எச்சரிக்கைகூட வராவிட்டால் வேலை முடிந்தது என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் எழுதியது ஒற்றை வரி: ஒரு 64 பிட் எண்ணை நோட் (நினைவகத் தொகுதி) எண்ணிக்கையால் வகுப்பது. ஆர்மில் எல்லாக் கோப்பும் கம்பைல் ஆகி, கடைசியில் அவற்றை லிங்க் செய்து ஒன்றாக்கும்போது ‘யுஎல்டிவ்மாட்’ என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. அப்படி ஒரு ஃபங்ஷனை நான் அழைக்கவே இல்லையே என்று அரை நாள் தேடினேன். அழைத்தது கம்பைலர். 32 பிட் ஆர்மில் 64 பிட் வகுத்தலுக்குத் தனிக் கட்டளை கிடையாது; அதனால் தன் துணை நூலகத்தில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. கெர்னல் அந்த நூலகத்தோடு இணைவதில்லை. வகுத்தல் குறியை எடுத்துவிட்டு கெர்னலின் சொந்த வகுத்தல் ஃபங்ஷனான ‘டிவ்_யு64’ போட்டதும் சரியாகிவிட்டது.

ஹெட்டர் (டிக்ளரேஷன், அதாவது ஃபங்ஷன் முதலியவற்றின் அறிவிப்பு உள்ள கோப்பு) தொல்லை வேறு. எக்ஸ்86இல் ஏதோ ஒரு ஹெட்டர் இழுத்துக்கொண்டு வரும் டிக்ளரேஷன் மற்ற கட்டமைப்புகளில் வராமல் போகலாம். வேண்டிய ஹெட்டரை நீங்களே நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். பௌதிக முகவரியின் அளவும் அப்படித்தான்: 32 பிட்டைவிட நீண்ட முகவரி தரும் எல்பிஏஈ வசதி இருக்கும் ஆர்மில் 64 பிட், இல்லாவிட்டால் 32. ‘லாங்’ வகை எண் என்று நினைத்து அச்சிட்டால் எச்சரிக்கை வரும். 2021இல் வந்த 5.15 கெர்னல் முதல், வெர்ரர் விருப்பத்தை ஆன் செய்த பில்டில் அந்த எச்சரிக்கையே பிழைதான்.

எம்எம்யு (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) இல்லாத சிப்களையும் மறக்க வேண்டாம். அங்கே ‘மெமரி.சி’ கம்பைலே ஆகாது, ‘நோஎம்எம்யு.சி’தான் ஆகும். நீங்கள் முதல் கோப்பில் புதிதாக எழுதிய ஃபங்ஷனைப் பொதுவான இடத்திலிருந்து அழைத்தால் அங்கே ஆளே இருக்காது. அங்கே பயன்பட ஹெட்டரில் அதே பெயரில் ஒரு வெற்று இன்லைன் ஃபங்ஷன் வையுங்கள், போதும்.

அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு பிழையைத் தேடி பைசெக்ட் செய்பவர் (பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பவர்) உங்கள் உடைந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) வந்து மாட்டிக்கொள்வார். திருத்தம் அடுத்த கமிட்டில் இருந்தால் அவருக்கு என்ன பயன்?

வேறு செயலிக்கு உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும் கிராஸ் கம்பைலர், டெபியன், ஃபெடோரா லினக்ஸ்கள் இரண்டிலும் தொகுப்பாகவே கிடைக்கிறது. ஆனால் நேரம் மிச்சம் என்று நினைவகக் கோப்புகள் உள்ள ‘எம்எம்’ அடைவை மட்டும் பில்ட் செய்து நிறுத்திவிடாதீர்கள். என் வகுத்தல் பிழை அதில் தெரியாது. முழுக் கெர்னல் கோப்பான ‘விஎம்லினக்ஸ்’ இணையும்போதுதான் தெரியும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்