உருவம் ஒன்று, வாசிப்பு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு இசைக்கருவிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், பிரேசிலின் கவாக்கின்யோ என்ற சிறு கிட்டாரை 'எஃகுக் கம்பி போட்ட யுகுலேலே' (யுகுலேலே என்பது நைலான் தந்தி போட்ட ஹவாய்ச் சிறு கிட்டார்) என்று எழுதியிருந்தீர்கள். இதை நம்பி யாரும் யுகுலேலேயில் எஃகுக் கம்பி ஏற்றிவிடக் கூடாது.

உறவு உண்மைதான். 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' கப்பலில் ஹொனலுலு வந்திறங்கிய போர்த்துக்கலின் மடேரா தீவுத் தச்சர்கள் மூவர், தங்கள் ஊர் பிராகின்யா என்ற சிறு கிட்டாரைப் பார்த்து ஹவாயில் செய்ததே யுகுலேலே. பிராகின்யாவும் கவாக்கின்யோவும் ஒரே போர்த்துகீசியக் குடும்பம். சோப்ரானோ எனப்படும் சிறிய அளவு யுகுலேலேயைப் போலவே கவாக்கின்யோவிலும் நாலு கம்பி, அதிர்நீளம் (கம்பி அதிரும் பகுதியின் நீளம்) சுமார் 34 செ.மீ.

ஆனால் கவாக்கின்யோவின் 0.28 மி.மீ. முதல் கம்பியை மேல்ஸ்தாயி 'டி' என்ற மேற்கத்திய சுரத்துக்கு முறுக்கினால் ஏறத்தாழ 8 கிலோ இழுக்கும். யுகுலேலேயின் 'ஏ' கம்பிக்கு அதில் பாதிதான். அதற்கேற்ப மெல்லிசாக இழைத்த மேற்பலகை எஃகைத் தாங்காது. கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் புடைக்கும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் நுழைந்தால் உடனே கம்பிகளைத் தளர்த்துங்கள். விட்டால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

வாசிப்பில்தான் பெரிய வேறுபாடு. நைலான் தந்தியின் நாதம் தானாகவே சீக்கிரம் அடங்கும். ஆள்காட்டி விரலால் மீட்டினாலே பாட்டுக்குத் துணை கிடைத்துவிடும். எஃகு அப்படி விடாது, ஒலித்துக்கொண்டே இருக்கும். பிரேசிலில் பிக் (மீட்டும் சில்லு) பிடித்து சம்பா என்ற அந்நாட்டு நடன இசையை வாசிப்பவர்கள், ஒரு தட்டு ஒலித்ததும் இடக்கை விரல்களைக் கழுத்திலுள்ள உலோக ஃப்ரெட்டிலிருந்து மயிரிழை தளர்த்துவார்கள். கம்பியை விட்டு எடுப்பதில்லை. நாதம் 'டக்'கென்று நிற்கும். சம்பாவின் துள்ளலில் பாதி அந்த மௌனம்தான். புதிதாகக் கற்பவர் வலக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் எல்லாம் இரைச்சலாகிவிடுகிறது. அழுத்திப் பிடித்தாலும் ஆபத்து: இவ்வளவு குட்டையான கம்பியில் சுருதி சட்டென்று ஏறிவிடும்.

யுகுலேலே கையில் இருப்பவர்கள் கவாக்கின்யோ விரலமைப்பைப் பழக ஒரு வழி இருக்கிறது. நாலாவது தந்தியைக் கீழ்ஸ்தாயி 'ஜி'க்கான தடித்த தந்தியாக மாற்றி, முதல் தந்தியை 'ஏ'யிலிருந்து 'ஜி'க்கு இறக்குங்கள். ஜி-சி-இ-ஜி கிடைக்கும். பிரேசிலின் டி-ஜி-பி-டி அமைப்பே இது, ஐந்து சுரம் கீழே.

கவாக்கின்யோ வாங்கிவிட்ட யுகுலேலேக்காரர்களுக்கு எதிர்வழி: முதல் கம்பியை 0.25 மி.மீ.க்கு மாற்றி 'இ'க்கு ஏற்றுங்கள். பழகிய கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்களுக்கான விரல்பிடிகள்) எல்லாம் அப்படியே விழும். பெயர்தான் மாறும், 'சி' பிடித்தால் 'ஜி' ஒலிக்கும்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவர்