காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள நம் ஐ.டி. அலுவலகத்தில் டெக் லீடாக, அதாவது ஒரு டீமின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக, வேலை பார்க்கிறேன். கேம்பஸ் தேர்வில் ஃப்ரெஷராகச் சேர்ந்தவள், இன்றுவரை வேறு நிறுவனத்துக்குப் போனதில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும், என் டீமுக்கும் தெரியும், அது போதும். இதில் எழுதியிருப்பதை எல்லாம் அப்ரைசல் கூட்டங்களிலும் எச்.ஆருக்கு அனுப்பிய மெயில்களிலும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். "நோட் பண்ணிக்கிட்டோம்" என்பதைத் தாண்டி எந்தப் பதிலும் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

சம்பள உயர்வுக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏப்ரலில் வர வேண்டியது. ஜூலை என்றீர்கள், கடைசியில் அக்டோபரில் வந்தது. இடைப்பட்ட ஆறு மாதத்துக்கு நிலுவை கிடையாது. ஏன் தள்ளிப் போனது, ஏன் நிலுவை இல்லை என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. என் டீமில் நான்கு வருடமாக இருக்கும் ஒரு பையன் அதைத் திறந்து என்னிடம் காட்டி, "அக்கா, இதுல கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டான். இன்ஜினியரிங் படித்து, வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன் தன் சம்பளக் கடிதத்தைப் புரிந்துகொள்ள இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். பி.எஃபில் நிறுவனம் கட்டும் பங்கு அவன் சிடிசிக்குள், அதாவது நிறுவனம் அவனுக்காக ஒரு வருடத்துக்குச் செலவழிப்பதாகக் காட்டும் மொத்தத் தொகைக்குள், இருக்கிறது. குழுக் காப்பீட்டு பிரீமியம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று ஒரு வரி இருக்கிறது. நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்தால்தான் கிராஜுவிட்டி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் அலுவலகத்தில் ஃப்ரெஷராகச் சேர்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே போய்விடுகிறார்கள். ஆக, அவர்கள் கைக்கு ஒருநாளும் வராத தொகை ஒவ்வொரு வருடமும் அவர்கள் சம்பளமாகக் காட்டப்படுகிறது. அப்புறம் வேரியபிள் பே, இலக்கை எட்டுவதைப் பொறுத்து மாறும் சம்பளப் பகுதி. போன காலாண்டில் 60 சதவீதம்தான் வந்தது. எந்த இலக்கு தவறியது, அதில் எங்கள் ப்ராஜெக்டின் பங்கு என்ன என்று கேட்டால், "கம்பெனி பெர்ஃபார்மன்ஸ்" என்ற இரண்டு சொல்தான் பதில். எங்கள் ப்ராஜெக்டில் கிளையண்ட் ஒப்பந்தத்தை நீட்டித்ததும் அதே காலாண்டில்தான்.

பணம் குறைவு என்பது மட்டுமே எங்கள் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைவுதான், அதையும் மறைக்கவில்லை. இந்தியாவின் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் ஃப்ரெஷர் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. நாமும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறோம். சோழிங்கநல்லூரில் பி.ஜி. (தங்கும் விடுதி) வாடகை அப்படி நிற்கவில்லை. ஆனால் இதைவிட அதிகமாக ஆளை நோகடிப்பது வேறொன்று.

அந்தப் பையனின் பக்கத்து சீட்டுக்கு லேட்டரலாக, அதாவது வேறு நிறுவனத்திலிருந்து அனுபவத்தோடு, ஒருவர் வந்தார். அதே அனுபவம், அதே டெக்னாலஜி. சம்பளம் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வந்தவருக்கு ப்ராஜெக்டைச் சொல்லிக்கொடுக்கும் வேலை இவனுக்கு. வந்தவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். இவன் கேட்டபோது "பட்ஜெட் இல்லை" என்றீர்கள். மூன்றாம் வாரம் பேப்பர் போட்டான், அதாவது ராஜினாமா கொடுத்தான். மறுநாளே எச்.ஆர். கூப்பிட்டு 30 சதவீதம் ஏற்றித் தருகிறோம், இருந்துவிடு என்றது. முந்தின மாதம் இல்லாத பட்ஜெட் அன்றைக்கு எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் நேராகப் பதில் சொன்னால், இந்த மடலில் பாதி தேவையே இல்லை. இங்கே சம்பளம் ஏற வேண்டுமென்றால் பேப்பர் போட வேண்டும் என்று நீங்களே இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, டவுன்ஹாலில் (எல்லா ஊழியர்களையும் கூட்டி நடத்தும் கூட்டத்தில்) அட்ரிஷன், அதாவது ஆட்கள் விட்டுப் போவது, அதிகம் என்று கவலைப்படுகிறீர்கள்.

ரேட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு டீமிலும் இத்தனை சதவீதம் பேர் மேலே, இத்தனை பேர் நடுவில், இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. கீழே யாரைப் போடுவது என்பது மட்டும்தான் எங்களைப் போன்ற லீடுகளிடம் விடப்படுகிறது. அதற்கும் சொல்லாமல் சொல்லப்படும் ஒரு வழக்கம் இருக்கிறது: நோட்டீஸ் பீரியடில் இருப்பவர், இப்போதுதான் டீமுக்கு வந்தவர், பேறுகால விடுப்பு முடிந்து வந்த பெண். மூன்றாவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உரிமையாயிற்று. அந்த 26 வாரம் "கான்ட்ரிபியூஷன் இல்லை" என்று எழுதிக் கடைசி ரேட்டிங் கொடுத்தால், அந்த வருட உயர்வும் போகிறது, அடுத்த ப்ரமோஷனும் தள்ளிப் போகிறது. என் டீமில் ஒரு பெண்ணுக்கு அப்படிச் செய்யச் சொன்னபோது மறுத்தேன். எனக்கு மேலே இருந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். அவளிடம் அதைச் சொல்லும் வேலை மட்டும் திரும்ப என்னிடமே வந்தது. கான்ஃபரன்ஸ் ரூமில் அவள் கேட்டது ஒன்றுதான்: "நான் வேலை பார்த்த ஆறு மாசத்துல என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க." சொல்ல ஒன்றுமில்லை. அவள் எழுதிய மாட்யூலில் ஒரு பெரிய பிழைகூடப் பதிவாகவில்லை.

ஆட்களை இப்படி வரிசையில் நிறுத்திக் கட்டாயமாகக் கடைசி இடத்தை நிரப்பும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டது. நாம் இன்னும் விடவில்லை. விட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தால் அதையாவது சொல்லுங்கள்.

தலைமை பற்றியும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசியபோது, நம் மூத்த அதிகாரி ஒருவர் அந்த வீடியோவை எல்லா குரூப்பிலும் பகிர்ந்து, "இதுதான் நம் டீமிடம் எதிர்பார்ப்பது" என்று எழுதினார். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைத் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வைத்துவிட்டது. அமெரிக்க கிளையண்டுக்காக இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் கான்ஃபரன்ஸ் கால் பதினொரு மணிக்கு முடிகிறது. அது டைம்ஷீட்டில் ஏறுவதில்லை. காலை பத்து மணிக்கு ஸ்வைப் செய்யவில்லை என்றால் அது மட்டும் ஏறுகிறது.

அதே வருட டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர், நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் டீமில் ஒருவர் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வெளியே வந்து, தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து ரிலீஸை முடித்துக் கொடுத்தார். லாக்-இன் ஆகாத நாள்களை அவருடைய சொந்த விடுப்பில் கழித்தீர்கள். நான் மேல்முறையீடு செய்தேன். "பாலிசி அப்படி" என்று பதில் வந்தது. அந்த மாதம் கிளையண்ட் அனுப்பிய பாராட்டு மெயிலை லிங்க்ட்இன்னில் போட்டுக்கொண்டது நிர்வாகம். விடுப்பைத் திருப்பித் தரவில்லை. இரண்டு வருடம் கழித்தும் அவர் அதைப் பேசுகிறார். பணத்தைப் பற்றி அல்ல, யாரும் ஒரு போன்கூடச் செய்து கேட்கவில்லை என்பதைப் பற்றி.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மொத்தச் சம்பளத்தில் படிகள் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும். அதனால் எங்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி, கைக்கு வரும் தொகை எல்லாம் எப்படி மாறும் என்று ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்கிறது அதே சட்டம். நம்மிடம் 45 நாள் இழுக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே இருந்தது. நம் அலுவலகத்தில் அப்படி ஒரு குழு இருப்பதாக யாருக்குமே தெரியாது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்திவிட்டது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பேச ஒரு இடம் இருந்தால் இப்படி மடல் எழுத வேண்டியிருக்காது.

நாங்கள் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு நிலைக்கும் சம்பளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வெளியிடுங்கள். லேட்டரலாக வருபவருக்குக் கொடுப்பதை, அதே வேலையை ஏற்கெனவே பார்ப்பவருக்கும் கேட்காமலே கொடுங்கள். பேறுகால விடுப்பில் போனவருக்கு அவர் வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து ரேட்டிங் போடுங்கள். உயர்வு இல்லை என்றாலும் சரி, ஏன் இல்லை என்று முடிவு எடுத்தவரே எங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லட்டும்.

அடுத்த டவுன்ஹாலில் கேள்விகளை முன்கூட்டியே வாங்கி வடிகட்டாமல், மைக்கை எங்களிடம் கொடுங்கள். முதல் கேள்வியை நானே கேட்கிறேன், என் பெயரைச் சொல்லியே. போன மாதம் இல்லாத பட்ஜெட், பேப்பர் போட்ட மறுநாள் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

இப்படிக்கு,
டெலிவரி பிரிவின் டெக் லீட் ஒருத்தி