சேற்றுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டைனோசர் செய்தி என்றாலே நம் நாளிதழ்கள் அதன் நீளத்தையும் எடையையும் கொட்டை எழுத்தில் போடுகின்றன. அதைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துவைத்த சேற்றுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் 1996-இல் அறியப்பட்ட சைனோசரோப்டெரிக்ஸ், ஏரியடியில் புதைந்த சிறிய டைனோசர். எரிமலைகள் கக்கிய நுண்சாம்பலும் வண்டலும் தாள் தாளாக அதன்மேல் படிந்தன. அடியாழத்தில் ஆக்சிஜன் குறைவு. சடலத்தைக் கலைக்கப் புழுபூச்சிகள் வரவில்லை. அதனால்தான் சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் முதுகோரத்து இறகிழைகள் கல்லில் கறுப்பாகத் தெரிகின்றன. வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததைக்கூட நிறமித் துகள்களை வைத்து 2010-இல் கண்டுசொன்னார்கள். 

ஆறும் டெல்டாவும் இந்த அளவுக்குப் பொறுமை காட்டுவதில்லை. வெள்ளம் எலும்புகளை உருட்டிப் பிரித்துவிடும். சட்டென்று மண்ணில் புதைந்தவையே மிஞ்சும். நம் அரியலூர் பகுதியின் கல்லமேட்டுப் படிவுகள் அத்தகைய ஆற்று வண்டல்தான். அங்கே கிடைத்து 1987-இல் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் பின்னர் பொடிந்துபோயின. ஆய்வாளர்கள் இன்று பழைய படங்களை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். மண் காத்ததை நாம் காக்கவில்லை என்பது எரிச்சலூட்டுகிறது.

அடுத்த முறை டைனோசர் படத்தோடு, அது கிடைத்த மண்ணடுக்கின் படத்தையும் வெளியிடுங்கள்.

– வாசகர், பெரம்பலூர்