இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கம்

ஹலசூரு, பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. குறுக்குத்துறையில் படி வழுக்கி விழுந்தாய் என்று படித்ததும் பகீரென்றது. எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குதான் என்று அடுத்த வரியில் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அறுபது தாண்டிய பிறகும் பாசிப் படியில் செருப்போடு இறங்குகிறவனை என்ன சொல்ல? சரி, கொஞ்ச நாள் வீட்டில் கிட.

"என் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள், நீ நட்சத்திரத்தையே எக்ஸ்ரே எடுக்கிறாயாமே, அந்தத் தொலைநோக்கி நந்தி மலையிலா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். மலையில் வைத்துப் பிரயோசனமில்லையடா. வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரே முழுவதையும் நம் காற்று மண்டலமே குடித்துவிடும். அதனால்தான் அதைச் சுமக்கும் அஸ்ட்ரோசாட் என்கிற இஸ்ரோவின் செயற்கைக்கோள் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ஐந்து வருஷம் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள், அது பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. அப்புறம், ஆஸ்பத்திரியில் மெஷின் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி உன் எலும்பின் நிழலைப் பிடிக்கிறது. இங்கே நாம் எதையும் பாய்ச்சுவதில்லை. வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி.

ரிட்டையரான பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறான். இஸ்ரோவின் தரவுக் காப்பகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது அவன்தான். நான் எடுத்தது சிக்னஸ் எக்ஸ்-1. சூரியனைப்போல ஏறக்குறைய 21 மடங்கு நிறையுள்ள கருந்துளை. துணை நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்து விழுங்குகிறது. உள்ளே விழுமுன் அந்த வாயு கொதித்து எக்ஸ்ரேயாகக் கொட்டுகிறது. சாப்பிடுகிறவன் கண்ணில் படமாட்டான், பந்தி மட்டும் தெரியும்.

கோப்பைத் திறந்தேன். படம் எதுவும் இல்லை, வரி வரியாக எண்கள். அஸ்ட்ரோசாட்டில் செனான் வாயு நிரப்பிய பெட்டிகள் மூன்று உண்டு, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் செய்தவை. உள்ளே ஒரு எக்ஸ்ரே துகள் புகுந்தால் ஒரு மின்துடிப்பு. அது வந்த நேரம், வினாடியில் லட்சத்தில் ஒரு பங்குவரை துல்லியமாக, அதன் ஆற்றலோடு பதிவாகிறது. (படம் பிடிக்கும் கருவியும் இருக்கிறது. தங்கப் பூச்சு பூசிய கண்ணாடிகள், ஒன்றுக்குள் ஒன்றாக நாற்பது. எக்ஸ்ரே நேராக மோதினால் புதைந்துவிடும். நாம் தாமிரபரணியில் ஓட்டாஞ்சில்லு விடுவோமே, அப்படிச் சாய்வாக உரசினால்தான் திரும்பும்.)

பேங்கில் இருந்தபோது நீ கோயில் உண்டியல் எண்ணப் போவாய் அல்லவா? இதுவும் அதே வேலைதான். மூட்டையைக் கவிழ்த்து, காசு காசாகத் தடவி, வகை பிரித்து அடுக்குவது. செல்லாக்காசும் உண்டு. விண்வெளியில் திரியும் புரோட்டான்கள் பெட்டியில் விழுந்தாலும் அதே மாதிரிதான் துடிக்கும். பிரேசில் பக்கம் ஒரு வட்டாரத்துக்கு மேலே அவை மழையாகக் கொட்டும். அங்கே போகும்போது கருவியை அடக்கிவைத்துவிடுவார்கள்.

இனி என் அசட்டுத்தனத்தையும் கேள். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு, எண்ணிக்கையில் ஒரு ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தேன். 98 நிமிஷத்துக்கு ஒரு தடவை, பிசகாமல். சரோஜாவை எழுப்பிச் சொன்னேன். மாணவனுக்கு வாட்ஸ்அப்பில் வரைபடத்தை அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: "சார், அஸ்ட்ரோசாட் பூமியை ஒரு சுற்று சுற்றிவர எவ்வளவு நேரம்?"

98 நிமிஷம். ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கிறது. அப்போது உண்டியலில் காசு விழுவதில்லை. கட்டைவிரலால் நோயாளியின் கையைப் பிடித்துத் தன் நாடியையே எண்ணுகிற வைத்தியன் கதை. சரோஜா இன்றுவரை, பால் பொங்கினால்கூட "98 நிமிஷம் ஆச்சா பாருங்க" என்கிறாள்.

ஆனால் இடைவெளிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் உண்மையான துடிப்பு வேறு மாதிரி இருக்கிறது. ஒழுங்கே கிடையாது. ஒரு வினாடிக்குள்ளேயே ஏறி இறங்குகிறது, காற்றில் அகல் படபடப்பதுபோல. அதைத்தான் இப்போது மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் வீட்டுக்குப் போக மெட்ரோவில் பீன்யாவைக் கடக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும். ஏன் தெரியுமா? நாம் பள்ளிக்கூடத்தில் இருந்த 1975-இல் போன நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டாவை அங்கே தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் கட்டினார்கள். அதிலும் ஒரு எக்ஸ்ரே கருவி இருந்தது. சில நாளிலேயே மின்சாரக் கோளாறு வந்து சோதனைகள் நின்றுபோயின. பழைய இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது அந்த ஆர்யபட்டாதான். எத்தனை கட்டு எண்ணியிருப்பாய்!

உன் பீரோவில் அதில் ஒன்றாவது கிடக்கும். தேடி எடுத்து அடுத்த கடிதத்தோடு அனுப்பு. மாணவனுக்குக் காட்ட வேண்டும். ஆனால் கால் சரியாகும்வரை ஸ்டூல் மேல் ஏறாதே, பையனை எடுக்கச் சொல்.

அன்புடன்,
கணபதி